சிறுத்தையும் ஓநாயும் உலவும் ஊரில் கால்நடைக் காப்பு நிதி தொடங்குவது எப்படி?

ஆடு அடிபட்ட மறுநாள் ஊர் கூடும்போது எல்லோர் வாயிலும் முதலில் வருவது பணம்தான். ஆளுக்கு இவ்வளவு போட்டு ஒரு நிதி வைத்துக்கொள்வோம், ஆட்டை இழந்தவருக்கு அதிலிருந்து கொடுப்போம் என்பார்கள். யோசனை நல்லது, வரிசைதான் தவறு. எத்தனை உயிர் எதனால் போகிறது என்ற கணக்கில்லாமல் சந்தா வைத்தால், இரண்டு கெட்ட இரவுகளில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் விலங்கின் மேல் இருந்த கோபம் குழுவின் மேல் திரும்பும்.

முதலில் பதிவேடு, பிறகு பட்டி, பிறகு மேய்ச்சல், பிறகு விதிகள், கடைசியில் பணம். முதல் கூட்டத்திலிருந்து முதல் இழப்பீடு வரை ஒன்றரை ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிங்கம், ஓநாய் என்று எந்த இரைகொல்லியாக இருந்தாலும் படிகள் இவைதான். அளவுகள் மட்டும் மாறும்.

1. பன்னிரண்டு மாதப் பதிவேடு

கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வீட்டுக்காரர் பெயர், என்ன கால்நடை, வயது, ஆணா பெண்ணா, செத்த இடம், பகலா இரவா, பட்டிக்குள்ளா மேய்ச்சலிலா, கூட ஆள் இருந்தாரா, சாவுக்குக் காரணம், பார்த்தவர் கையொப்பம். இந்தப் பதினொரு கட்டங்களையும் ஒவ்வொரு சாவுக்கும் நிரப்புங்கள். இரைகொல்லி அடித்ததை மட்டும் எழுதாதீர்கள். நோயில் செத்தது, பள்ளத்தில் விழுந்தது, திருடுபோனது, காணாமல் போனது எல்லாம் வர வேண்டும்.

பல ஊர்களில் நோய் கொண்டுபோகும் தலைகள் இரைகொல்லி கொண்டுபோவதைவிட அதிகம். உங்கள் பதிவேடும் அப்படிச் சொன்னால், தடுப்பூசிக்குச் செலவிடும் தொகை இழப்பீட்டுக்குச் செலவிடுவதைவிட அதிக உயிர்களைக் காக்கும். பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு இந்த வழியில்தான் நடக்கிறது. ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்கிறது, பதிலுக்குப் பனிச்சிறுத்தையைக் கொல்வதில்லை என்று ஊர் ஒப்புக்கொள்கிறது.

பதிவேட்டை ஒரே ஆளிடம் விடாதீர்கள். மேய்ப்பவர்கள் நம்பும் இரண்டு பேரிடம் கொடுங்கள், மாதம் ஒருமுறை கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொய்க்கணக்கு எழுதினால் அந்த வாசிப்பிலேயே யாராவது மறுத்துவிடுவார்கள். மழைக்காலம், குட்டி ஈனும் காலம், வெளியூர் மேய்ச்சலுக்குப் போகும் காலம் மூன்றும் கணக்கில் வர வேண்டியிருப்பதால் பன்னிரண்டு மாதத்தைக் குறைக்க வழியில்லை. பட்டி வேலையை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். நான்கைந்து மாதப் பதிவிலேயே எந்தப் பட்டி மோசம் என்பது தெரிந்துவிடும்.

2. செத்த உடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இழப்பீட்டுத் தகராறுகள் பல இங்கேதான் பிறக்கின்றன. நோயில் செத்த ஆட்டைச் சிறுத்தை வந்து தின்றிருக்கும், தெருநாய் கடித்த ஆட்டை ஓநாய்க் கணக்கில் எழுதியிருப்பார்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் உடலைப் பார்த்துவிட வேண்டும். அதுவரை அதை நகர்த்தாமல் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைக்கச் சொல்லுங்கள். சுற்றி நடந்து தடயத்தை மிதிக்க வேண்டாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கருத்த இரத்தம் கசிந்து, உடல் வேகமாக உப்பியிருந்தால் கத்தி வைக்காதீர்கள். அது ஆந்த்ராக்ஸ் என்ற அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். யாரையும் கிட்டே விடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அந்தச் சந்தேகம் இல்லையென்றால் கையுறை போட்டுக்கொண்டு கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கு அடியில் சதையில் இரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாகப் பரவியிருக்கும். செத்தபின் விழுந்த கடியில் துளை இருக்கும், இரத்தக்கட்டு இருக்காது. கொன்றதா, செத்ததைத் தின்றதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அடுத்தது எந்த விலங்கு என்பது. பெரும்பூனைகள் தொண்டையையோ பிடரியையோ கவ்வும். கோரைப்பல் துளைகள் இணை இணையாக, சுத்தமாக இருக்கும். இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். உடலை மறைவான இடத்துக்கு இழுத்துப்போன தடமும் பெரும்பாலும் இருக்கும். ஓநாயும் நாயும் ஓடும் கால்நடையின் பின்தொடை, விலா, வால் பக்கம் கிழிக்கும், காயங்கள் பல இடங்களில் பிய்ந்து கிடக்கும். நிறைய ஆடுகள் காதிலும் காலிலும் கடிபட்டு, தின்றது மட்டும் கொஞ்சமாக இருந்தால் நாய்களைச் சந்தேகியுங்கள். காலடியில் நகக்குறி விழுந்திருந்தால் நாய் இனம். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடக்கும், அதன் பாதத் திண்டின் பின்விளிம்பில் மூன்று மடல்கள் தெரியும்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். கழுத்து, காயம், காலடி, காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண், சுற்றுப்புறம் என்று ஐந்து படங்கள் போதும்.

பார்த்து முடித்த உடல் வீடுகளிலிருந்து தொலைவில் கிடந்தால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. இரை பறிபோன சிறுத்தை பசியோடு அடுத்த ஆட்டைத் தேடும். ஆனால் அந்த உடல்மேல் யாரும் நஞ்சு தெளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்போபியூரான் போன்ற பூச்சிக்கொல்லியைத் தூவிய ஒரே உடலால் கழுகுகள், நரிகள், ஊரின் காவல் நாய்கள் வரை கூட்டமாகச் சாகும். அடித்த சிறுத்தை அதைத் தொடாமலே போயிருக்கவும் கூடும்.

3. பட்டி

உழைப்பையும் செலவையும் அதிகம் கொட்ட வேண்டிய இடம் இது. சிறுத்தையோ பனிச்சிறுத்தையோ ஒரு பட்டிக்குள் இறங்கிவிட்டால் ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓட ஓட அதன் பாய்ச்சல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். மேய்ச்சலில் ஒன்று போகும் இடத்தில் பட்டிக்குள் பத்து, இருபது போகும். லடாக்கின் ஹெமிஸ் பகுதிக் கிராமங்களில் பட்டிகளுக்குக் கம்பி வலைக் கூரை போடத் தொடங்கியதன் காரணம் இதுதான்.

சிறுத்தை ஏறும், பாயும். மேலே திறந்திருக்கும் பட்டியில் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை, கூரை வேண்டும். கண் அகலம் 5 செ.மீ.க்கு மிகாத வெல்டு மெஷ் என்ற பற்றவைத்த கம்பி வலையோ செயின் லிங்க் என்ற பின்னிய கம்பி வலையோ போட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். சட்டம் இல்லாத இடத்தில் விலங்கின் எடை தாங்காமல் வலை தொய்ந்து, ஓரத்தில் பிரியும். பனி விழும் ஊராக இருந்தால் சட்டங்களை இன்னும் நெருக்கி வையுங்கள். வலையில் உங்கள் முஷ்டி நுழைந்தால் சிறுத்தையின் பாதமும் நுழையும்.

சிங்கம் வேறு வழியில் வரும். பெரும்பாலும் வேலியைத் தாண்டாமல் வெளியே நின்று மாடுகளை மிரட்டும். மிரண்ட மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு வெளியே ஓடினதும் அடிக்கும். எனவே அங்கே வேலி, உள்ளே இருக்கும் மாட்டின் மோதலைத் தாங்க வேண்டும், வெளியே நிற்பது உள்ளே தெரியாதபடி அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். தான்சானியாவின் மாசாய் சமவெளிகளில் இதற்கு உயிர்வேலி அமைக்கிறார்கள். நட்டால் வேர் பிடிக்கும் கொம்மிபோரா மரப் போத்துகளைக் கம்பங்களாக ஊன்றி, அவற்றில் செயின் லிங்க் வலையைக் கட்டுகிறார்கள். கம்பம் இற்றுப்போவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு தழைத்து அடர்த்தியாகிறது.

ஓநாயும் நாயும் தோண்டும். வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட, வேலியடியிலிருந்து வெளிப்பக்கமாக 60 செ.மீ. அகலத்துக்குத் தரையில் படுக்க வைத்துக் கல் அடுக்குவது எளிது. வேலியோரத்தில் தோண்ட வரும் விலங்கு அந்த வலையின் மேலேயே நின்று தோண்டும், அதனால் முடியாது.

பெரும்பாலும் உடைபடுவது கதவுதான். பலகைக் கதவு வெயிலில் வளைந்து, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கும். இரும்புச் சட்டத்தில் வலை அடித்த கதவு, கல்லிலோ சிமென்டிலோ நிலைப்படி, அடியில் 5 செ.மீ.க்கு மேல் போகாத இடைவெளி, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள். கயிறு கட்டி மூடும் கதவைக் கதவாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அளவு: ஓர் ஆட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர மீட்டர். முப்பது ஆட்டுக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து சதுர மீட்டர் வரும். இதைக் குறைத்தால் குட்டிகள் மிதிபடும். பாதுகாப்பு என்று சொல்லி நான்கு பக்கமும் அடைத்துவிடுவதும் தவறு. மூத்திர ஆவி தேங்கி ஆடுகளுக்கு நுரையீரல் நோய் வரும். எதிரெதிர்ச் சுவர்களில் உயரமான இடத்தில் வலை அடித்த சாளரங்கள் விடுங்கள். பட்டியைச் சுற்றிப் பத்து மீட்டருக்குப் புதரை வெட்டிவிடுங்கள். சுவரையொட்டி மரக்கிளை, வைக்கோல் போர், கல்குவியல் எதுவும் படிக்கட்டாக நிற்கக் கூடாது.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இருட்டியபின் ஒருவர் விளக்கோடு பட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், இன்னொருவர் வெளியே சுற்றி வரட்டும். எதிர்பாராத இடத்தில் ஒளி கசிந்தால் சுண்ணாம்புக்கட்டியால் குறியிடுங்கள். மறுநாள் காலை அந்த இடங்களை அடைத்த பிறகே, பட்டி சரியாக இருக்கிறது என்ற சான்றில் கையெழுத்துப் போட வேண்டும்.

செலவில் வலையும் கதவும் வெளியிலிருந்து வாங்க வேண்டியவை. கல், மண், மரம், கூலி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கட்டும். எல்லாவற்றையும் இலவசமாகக் கட்டிக் கொடுத்த பட்டிகளில் தாழ்ப்பாள் உடைந்தால் மாற்ற ஆள் இருப்பதில்லை. குட்டி ஈனும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே வேலை முடிய வேண்டும்.

4. மேய்ச்சல் வெளியில்

பட்டி சரியானபின் மிச்ச இழப்பு பகலில், புதர்க்காட்டில், ஆளில்லாத மந்தையில்தான் நடக்கும். புறப்படும்போதும் திரும்பும்போதும் எண்ணுவது, பொழுது சாய்வதற்குள் பட்டி சேர்வது, நொண்டியையும் இளங்குட்டியையும் வீட்டில் நிறுத்துவது ஆகிய மூன்றும் காசில்லாமல் செய்யக் கூடியவை. நான்கைந்து வீடுகள் சேர்ந்து முறைவைத்து மேய்த்தால் ஒரு மந்தைக்கு இரண்டு ஆள் கிடைப்பார்கள்.

காவல் நாய் நல்ல முதலீடு, ஆனால் மெதுவாகப் பலன் தரும். நமீபியாவில் சீட்டா (சிவிங்கிப்புலி) பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனடோலியன் ஷெப்பர்டு, கங்கல் வகை நாய்களைப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. வகையைவிட வளர்ப்பு முக்கியம். குட்டி இரண்டு மாத வயதிலேயே ஆடுகளோடு சேர்ந்து படுக்க வேண்டும். வீட்டுக்குள் குழந்தைகளோடு விளையாடி வளர்ந்த நாய் மந்தையை விட்டு வீட்டுக்கே ஓடிவரும். முழுக் காவலுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். வெறிநாய்த் தடுப்பூசியும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் கட்டாயம். 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவி, சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்தது.

ஒளி, கொடி, ஓவியம் போன்றவற்றை அவற்றின் எல்லை தெரிந்து பயன்படுத்துங்கள். சீரற்று மின்னும் விளக்குகளைச் சிலியின் மேட்டுநிலத்தில் லாமா, அல்பாக்கா மந்தைகளில் சோதித்தபோது பூமா என்ற பூனை இன விலங்கு விலகியது, நரி விலகவில்லை. அரை மீட்டருக்கு ஒன்றாகக் கயிற்றில் கொடி கட்டித் தொங்கவிட்டால் ஓநாய் தயங்கும், ஆனால் இரண்டு மாதத்தில் பழகிவிடும். ஆகவே குட்டி ஈனும் வாரங்களுக்கு மட்டும் கட்டி அவிழ்த்துவிட வேண்டும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் மாடுகளின் பின்புறத்தில் பெரிய கண்கள் வரைந்து நான்கு ஆண்டு பார்த்தார்கள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ அடிக்கவில்லை. அதே மந்தைகளில் எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 போயின. பதுங்கிப் பாயும் விலங்கு தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தால் விலகுகிறது. துரத்தி அடிக்கும் ஓநாய்க்கு இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்ணம் அழிந்ததும் மறுபடி வரைய வேண்டும்.

5. குழுவும் ஒப்பந்தமும்

ஐந்து அல்லது ஏழு பேர் போதும். அதில் பாதிப் பேராவது தினமும் மேய்ச்சலுக்குப் போகிறவர்களாக இருக்கட்டும். பட்டியில் பால் கறப்பதும் குட்டி எண்ணுவதும் பெண்கள் என்றால், அவர்கள் இல்லாத குழுவுக்கு இழப்பு விவரம் சரியாக வராது. வனத்துறை, தொண்டு நிறுவனம், ஊராட்சி ஆகியவை பார்வையாளராக வரலாம். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையை ஊர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தேவைப்படும் காகிதங்கள்: தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பட்டியலும் காது வில்லை எண்களும், பட்டிச் சான்று, விதிகள் எழுதிய ஒரே பக்க ஒப்பந்தம், மூவரில் இருவர் கையெழுத்திட்டால் மட்டும் பணம் எடுக்கக் கூடிய வங்கிக் கணக்கு. அரசு இழப்பீடு உள்ள இடமாக இருந்தால் அதன் விண்ணப்பப் படிவத்தையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இரண்டு இடத்திலும் பெறலாமா, கழித்துக்கொள்ள வேண்டுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் முதல் பெரிய இழப்பிலேயே சண்டை வரும்.

ஒப்பந்தத்தில் ஊரின் கடமையும் இருக்க வேண்டும்: நஞ்சு, கண்ணி, துப்பாக்கி கூடாது. ஒருவர் மீறினால் யாருக்கு இழப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மங்கோலியாவில் மேய்ப்பர் குடும்பங்களின் கைவினைப் பொருட்களை வாங்கும் திட்டத்தில், பனிச்சிறுத்தை கொல்லப்படாத ஆண்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் கூடுதல் தொகை உண்டு. ஒன்று கொல்லப்பட்டால் மொத்த ஊருக்கும் அது கிடையாது. கண்ணி வைப்பவரைப் பக்கத்து வீட்டுக்காரரே தடுப்பார்.

6. சந்தாக் கணக்கு

எடுத்துக்காட்டாக நாற்பது வீடுகள், 600 ஆடுகள் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டின்படி ஆண்டுக்கு 18 ஆடுகளை இரைகொல்லி அடிக்கிறது, அதாவது நூற்றுக்கு மூன்று. ஆட்டின் மதிப்பில் 60 விழுக்காடு இழப்பீடு என்றால் ஆண்டுக்கு 10.8 ஆட்டு விலை வேண்டும். சந்தா, ஆட்டின் மதிப்பில் ஒரு விழுக்காடு என்றால் வருவது 6 ஆட்டு விலை. கிட்டத்தட்ட 5 ஆட்டு விலை குறைகிறது. பட்டிகளைச் சரிசெய்து இழப்பு 9 ஆகக் குறைந்தால் வேண்டியது 5.4 மட்டுமே, அதே சந்தா போதும். பட்டிக்கு முன் நிதி வேண்டாம் என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

முழு மதிப்பையும் கொடுக்காதீர்கள், கவனம் தளரும். பாதிக்குக் கீழே போனால் யாரும் சேரமாட்டார்கள். மதிப்பை வயதுவாரியாக ஆண்டுத் தொடக்கத்திலேயே நிர்ணயித்து விடுங்கள். அடிபட்ட அன்றைய சந்தை விலையை வைத்தால் செத்த ஆடெல்லாம் ஊரிலேயே சிறந்த ஆடாகிவிடும்.

பெரிய பொறி ஒன்று உண்டு. காட்டோர வீடுகள் மட்டும் ஆவலாகச் சேரும், நடு ஊர் வீடுகள் ஒதுங்கும். 200 ஆடுகள் மட்டும் சேர்ந்து, 18 இழப்பில் 14 அவர்களுடையதாக இருந்தால் வேண்டியது 8.4, வருவது 2. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளாவது சேர்ந்தால்தான் தொடங்குவது, சேரும் வீடு தன் எல்லா ஆடுகளையும் பதிய வேண்டும் என்ற இரண்டு விதிகளும் இதற்காகத்தான்.

கையிருப்பாக ஓராண்டு இழப்பீட்டுத் தொகையாவது சேர்ந்தபின் கொடுக்கத் தொடங்குங்கள். வட பாகிஸ்தானின் பால்டிஸ்தானில் 1999இல் தொடங்கிய ஆட்டுக் காப்பீட்டில் மேய்ப்பர் சந்தா ஒரு நிதி, சுற்றுலா வருவாய் இன்னொரு நிதி. முதலாவது தீர்ந்தால்தான் இரண்டாவதைத் தொட வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் கிராமம் 2002 முதல் தன் சந்தாவில் காப்பீடு நடத்துகிறது. வெளியிலிருந்து உதவி வந்தால் கையிருப்புக்கு வாங்குங்கள், ஆண்டுச் செலவுக்கு வேண்டாம். உதவி நின்ற ஆண்டில் நிதியும் நின்றுவிடும்.

ஆடு விற்றுக் கையில் பணம் இருக்கும் மாதத்தில் சந்தா வாங்குங்கள்.

7. கோரிக்கை வந்தால்

அன்றே தகவல், 24 மணி நேரத்தில் பார்வை, 15 நாளில் முடிவு, 30 நாளில் பணம். பார்க்கப் போகும் இருவரில் யாரும் இழந்தவரின் உறவினராக இருக்கக் கூடாது. பட்டிச் சான்று இல்லாத இடத்தில் பட்டிக்குள் போன ஆட்டுக்கு இழப்பீடு இல்லை அல்லது பாதி என்று வையுங்கள். கென்யாவின் ம்பிரிக்கானியில் 2003இல் தொடங்கிய இழப்பீட்டு நிதியிலும் பராமரிப்புக் குறைவு இருந்தால் தொகை குறையும். காணாமல் போன கால்நடைக்கு உடல் கிடைக்காவிட்டால் தொகை கிடையாது. கடுமையாகத் தோன்றும், ஆனால் இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் விற்ற ஆடுகளும் காணாமல் போனவையாகும்.

மறுக்கும்போது காரணத்தை எழுதிக் கொடுங்கள். முறையீட்டுக்கு ஏழு நாள் விடுங்கள்.

8. விலங்கு ஊருக்குள் வந்தால்

கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோய் வேறெங்காவது விடுங்கள் என்ற கோரிக்கை உடனே எழும். மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளை இப்படிப் பெருமளவில் இடம் மாற்றியபின் மனிதர் மீதான தாக்குதல்கள் கூடின. பழகிய இடத்தைவிட்டுப் பெயர்த்த விலங்கு அலையும், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். மனிதரைத் தாக்கிய விலங்கு என்றால் நிலைமை வேறு, முடிவு வனத்துறையுடையது.

ஊரின் வேலை கூட்டத்தைத் தள்ளி வைப்பது. சுற்றி வளைக்கப்பட்ட சிறுத்தை தப்பிக்கப் பாயும், பெரும்பாலான காயங்கள் அப்போதுதான். வனத்துறை எண், கால்நடை மருத்துவர் எண், குழுவில் இருவரின் எண் மூன்றையும் ஒவ்வொரு பட்டிக் கதவிலும் பெயிண்டில் எழுதி வையுங்கள். விலங்கு வெளியேறும் திசையைத் திறந்துவிட்டு, மற்றப் பக்கங்களில் மட்டும் ஆள் நிற்கட்டும். இருட்டும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் அதுவே போய்விடும். போனபின் அன்றிரவே எல்லாப் பட்டிகளின் தாழ்ப்பாளையும் ஒருவர் சுற்றிப் பார்த்து, பதிவேட்டில் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.